ஜெபம் வைத்த வீடு

போடிநாயக்கனூர் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு நேரம் குறிப்பது பெரும்பாலும் ஜீப்தான். விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாக மலையேறி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அந்தப்புறம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற ஜீப், பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே இறங்கும். ஆடி, ஆவணியில் தொடங்குகிற காய் எடுப்பு தை, மாசி வரை இழுக்கும். ஒரு சுற்று முடிந்தால் முப்பது நாற்பது நாளில் அதே செடிக்கு மறுசுற்று. ஏலக்காய் செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்ப்பது. குனிந்தும் குத்த வைத்தும்தான் எடுக்க வேண்டும். நாளெல்லாம் அப்படி இருந்த இடுப்போடு வீடு திரும்புகிறவள் முதலில் அடுப்பில் உலை வைக்கிறாள். அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிறாள். அரிசி வேகும் நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து ஜெபம்.

அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், ஒரு ஜெபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்தால் அதுதான் வாசிக்கும். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் சங்கீதம் மனப்பாடம். பேரன் ஒரு வரியை விட்டுவிட்டால், “ஏலே, நடுவுல ஒண்ணை முழுங்கிட்ட பாரு” என்று பிடித்துவிடுவாள். கத்தோலிக்க வீடாக இருந்தால் செபமாலை. எடுப்புக் காலத்தில் ஐந்து பத்து என்பது ஒரு பத்தாகச் சுருங்குவதும் உண்டு. ஜெபம் முடிந்து ‘ஆமென்’ சொல்லும்போது சோறு வடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும்.

வீட்டுக்குள் விசுவாசம் என்றால் இந்தக் கால்மணி நேரத்தையே எல்லாரும் நினைக்கிறோம். பிரசங்கங்களும் அதையே வற்புறுத்துகின்றன. ஆனால் இந்தப் பகுதியின் நூற்றைம்பது, இருநூறு ஆண்டுக் கிறிஸ்தவ வரலாற்றைப் பார்த்தால், விசுவாசத்துக்குச் சோதனை வந்த இடம் ஜெபப்பாய் அல்ல, அதற்குப் பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த உலை என்று தோன்றுகிறது. யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் வீட்டுக்கு யார் பெண் கொடுக்கலாம் என்பதில்தான் இந்த மதம் இங்கே வென்றதும் தோற்றதும்.

வீடே முதல் கோயில் என்ற சிந்தனைக்கு ஆதாரம் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. உபாகமம் ஆறாம் அதிகாரம் பிள்ளைகளுக்குப் போதிக்கிற இடமாக வீட்டையும் வழியையும் படுக்கையையும் சொல்கிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது என்று பவுல் எழுதுகிறார். 1529இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூல், வீட்டுத்தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே எழுதப்பட்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964இல், குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறித்தது. அதற்கு இருநூற்று முப்பத்தெட்டு ஆண்டு முன்பே, 1726இல், வீரமாமுனிவர் ஒரு தச்சரின் குடும்ப வாழ்க்கையைக் காப்பியமாக்கி முடித்திருந்தார். தேம்பாவணியின் நாயகன் வளன், அதாவது சூசையப்பர். ராஜாவும் இல்லை, போர்வீரனும் இல்லை. மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போன உழைப்பாளி. பிழைப்புக்காக மலையேறி இறங்குகிற ஊர்க்காரர்களுக்கு இந்த நாயகன் அந்நியன் இல்லை.

ஆனாலும் போடிப் பக்கத்தில் விசுவாசம் வீட்டில் தங்கியதற்கு இந்த இறையியல் மட்டும் காரணம் அல்ல. ஆள் இல்லை, அவ்வளவுதான். 1606இல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்த நாளிலிருந்து மதுரை மிஷனில் குருக்கள் எப்போதும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சபைகளைக் கட்டிக்காத்தவர்கள் வேதியர்கள், அதாவது இல்லறத்தில் இருந்த உபதேசியார்கள். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் எழுதினார். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1838 வாக்கில் சேசு சபையார் திரும்பி வரும்வரை இரண்டு தலைமுறைக்கு மேல், குருவைக் காண்பதே அரிதாயிருந்த ஊர்களில் மந்திரங்களும் ஞானஸ்நானமும் கல்லறைச் சடங்கும் வீட்டுப் பெரியவர்கள் கையில்தான் இருந்தன. உலகில் இதற்கு உச்சமான உதாரணம் ஜப்பான். அங்கே தடையும் வதையும் நிலவிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவே இல்லாமல் வீட்டுக்குள் மறைத்துக் காத்தவர்களின் சந்ததியார், 1865இல் நாகசாகியின் ஔரா ஆலயத்தில் பிரெஞ்சுக் குருவிடம் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். நம் பகுதியில் ஒளிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தூரமும் மலேரியாவும் மலையும் அந்த வேலையைச் செய்தன.

புரொட்டஸ்டன்ட் கதையும் வேறல்ல. அமெரிக்க மதுரை மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834இல் மதுரையில் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கும் போடிப் பக்கமும் பெரியகுளம் நிலையத்தின் பரப்புக்குள் வந்தன. மிஷனரி மாட்டு வண்டியில், கூடாரத்தோடு, வருஷத்தில் சில நாள் வருவார். வெயில் ஏறினால் கொடைக்கானலுக்கு ஏறிவிடுவார். 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியவர்களே இந்த மிஷன்காரர்கள்தான். மற்ற நாட்களில் உபதேசியார். உபதேசியாரும் இல்லாத ஊரில் வீடுதான்.

அந்த வீடுகளுக்கு மிஷன் கொடுத்த நல்ல பொருள் ஒன்று உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் அச்சேற்றினார். ஐரோப்பிய ராகத்தில் அமைந்த பாமாலைக்கு ஆர்கன் வேண்டும், நோட்டு தெரிந்தவர் வேண்டும். கீர்த்தனைக்குத் தொடையில் தாளம் போட ஒரு கை போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் இரண்டு முறை கேட்டால் பிடித்துக்கொள்வாள். குடும்ப ஜெபம் இந்த ஊர்களில் வேர்விட்டதில் பிரசங்கத்தைவிடக் கீர்த்தனைக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்த திறவுகோல் பைபிள் அம்மா. ஆண்கள் நுழைய முடியாத அடுக்களை வரைக்கும் போகக்கூடியவர் ஒரு பெண்தான் என்பதை மிஷன் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. ஈவா ஸ்விஃப்ட் 1892இல் மதுரையில் லூசி பெரி நோபிள் வேதாகமப் பள்ளியைத் தொடங்கி, தமிழ்ப் பெண்களை இதற்கெனப் பயிற்றுவித்தார். பைபிள் அம்மாவின் வேலை முறை எளிது. தெருவில் நாலைந்து வீடு. வாரம் ஒரு முறையோ இரு முறையோ போய், வாசிக்கக் கற்றுத் தருவார். பாடமும் கதையும் ஒன்றே. இந்து வீடுகளும் அவரை உள்ளே விட்டன. பெண்ணுக்கு எழுத்துச் சொல்லித்தர வேறு யாரும் வராத காலம் அது. அவரிடம் படித்தவர்களில் பலர் கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. கணவன் சம்மதிக்கவில்லை, அல்லது அவர்களுக்கே அது தேவையென்று படவில்லை. ஆனால் வாசித்தார்கள், பாடினார்கள், காய்ச்சல் வந்தால் ஜெபிக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். மிஷன் அறிக்கைகள் தலை எண்ணிப் பழகியவை. இந்தப் பெண்களை எந்தப் பத்தியில் போடுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. எனக்கென்னவோ, விசுவாசத்தைப் பகிர்தல் என்பதன் நேர்மையான வடிவம் இதுதான் என்று தோன்றுகிறது: கேட்டவளின் கையில் எழுத்து மிஞ்சியது, முடிவும் அவளிடமே இருந்தது.

அதே அடுக்களையிலிருந்து இன்னொரு பழக்கமும் வந்தது. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது. ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். உபதேசியார் சம்பளத்தில் ஒரு பங்கு, ஏழை வீட்டுக் கஞ்சி, ஆலய ஓட்டுக்கூரை எல்லாம் அந்தப் பிடி அரிசியில் வந்தவை. மிசோரமில் 1910 வாக்கில் இதே வழக்கம் தொடங்கி, இன்று அந்த மாநிலத்துச் சபைகளுக்குப் பெரிய வருமானமாக நிற்கிறது. இங்கே ரேஷன் அரிசியும் ரூபாயில் கூலியும் வந்த பிறகு அது கவர் காணிக்கையாக மாறிவிட்டது. முன்பு கொடுக்கிறவள் பெண். இப்போது கவரின் மேல் எழுதியிருப்பது குடும்பத்தலைவர் பெயர். இது சின்ன மாற்றம் இல்லை.

இனி முதலில் சொன்ன உலையின் சோதனைக்கு வருவோம்: 1847. அந்த ஆண்டு மதுரை மிஷன் ஒரு முடிவெடுத்தது. சபையில் இருப்பவர்களும் மிஷனில் வேலை பார்ப்பவர்களும் சாதியை விட்டதற்கு வாய்ச்சொல் போதாது; ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்ததை எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதற்கு அன்பின் விருந்து என்று பெயர். அன்பு அதில் எவ்வளவு இருந்தது என்று சொல்வது கடினம். பலர் உட்காரவில்லை. உபதேசியார்களே விலகிப்போனார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு இதே கோட்பாட்டை ஏற்றது. கார்ல் கிரவுல் தலைமையில் லைப்சிக் லூத்தரன் மிஷன் எதிர்த்தது: சாதி ஒரு சமூக வழக்கம், அதை வலுக்கட்டாயமாக உடைப்பது மிஷனரியின் வேலை இல்லை என்று வாதிட்டது.

இந்தச் சண்டையில் மதுரை மிஷன் பக்கமே நியாயம் என்று நான் நினைக்கிறேன். கிரவுலின் வாதம் பண்பாட்டு மரியாதை போலத் தெரியும். தாழ்ந்தவன் என்று ஒதுக்கப்பட்டவனின் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் அதன் நிறம் வேறு. ஆனால் மிஷனின் முறையில் இரண்டு கோளாறு. பந்திக்கு அழைத்தவர் சம்பளம் கொடுக்கிற முதலாளி. சாப்பிடாவிட்டால் வேலை போகும் என்ற இடத்தில் சாப்பிட்டவன் மனம் மாறினானா, பயந்தானா என்று யார் அறிவார்? இரண்டாவது கோளாறு அதைவிடப் பெரிது. பரீட்சை ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது. பொதுப் பந்தியில் உட்காரலாம், வீட்டுக்குத் திரும்பி அவரவர் உலை, அவரவர் சம்பந்தம். கல்யாணத்தை அந்த விருந்து தொடவே இல்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரம் பார்த்தால் போதும்: கிறிஸ்தவர் என்ற சொல்லுக்கு முன்னோ பின்னோ சாதிப் பெயர் தவறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குடும்பமாக ஜெபிக்கிறோம், குடும்பமாகவே சாதியும் பார்க்கிறோம். கால்மணி நேர ஜெபத்தால் ஒன்றும் மாறுவதில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த ஜெபத்தில் வரன் பேச்சு வரும்போது என்ன கேட்கப்படுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

1847இன் கேள்வியை மிஷனரி அதிகாரம் இல்லாமல், ஒடுக்கப்பட்டவர் பக்கத்திலிருந்து திரும்பக் கேட்டவர் தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டு முறையே அமைத்தவர். அவருடைய சிந்தனையின் மையத்தில் ஒரே உலை இருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் அரிசி வந்து, ஒரே பானையில் கொதித்து, எல்லாரும் பகிர்ந்து உண்கிற குடும்பம்தான் அவர் சொன்ன தேவராஜ்யம். இரத்த உறவுக் குடும்பத்தோடு விசுவாசம் நின்றுவிட்டால் அது சாதியைத்தான் காக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். 2005இல் மறைந்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி முழு நூலே எழுதினார். நம் ஊர்ச் சபைகளில் அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள். உலைக்கு வரும்போது கொஞ்சம் தயக்கம்.

வீட்டு விசுவாசத்துக்குச் சட்டமும் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின்படி கிறிஸ்தவராகிய தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் அது சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவர், முஸ்லிம்கள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராகிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதனால் ஒரே வீட்டில் சுவரில் வசனக் காலண்டர் ஒன்று சொல்லும், பீரோவில் உள்ள சான்றிதழ் வேறொன்று சொல்லும். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் சாதிக் கொடுமை ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தச் சட்டமே நிற்கிறது. கரையவில்லை என்பதற்குச் சாதிவாரியான தனிக் கல்லறைகளே சாட்சி. விளைவு, தகப்பன் சபைக்கு வெளிப்படையாகப் போக மாட்டான், மகள் போவாள். விசுவாசத்தை வெளியில் சொல்வதா, மகனின் கல்லூரி இடத்தைக் காப்பதா என்ற கணக்கு இரவுச் சாப்பாட்டில் நடக்கிறது.

மலைக்கு மேலே படம் வேறு. இடுக்கியில் 2011 கணக்குப்படி ஐந்தில் இருவருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1940, 50களில் உணவு உற்பத்தி இயக்கத்தோடும் குடியேற்றத் திட்டங்களோடும் மத்திய திருவிதாங்கூரிலிருந்து ஏறி வந்த சிரியன் கிறிஸ்தவர்கள் அவர்களில் பெரும்பகுதி. பல இடங்களில் தோட்டத்தின் முதலாளியும் கிறிஸ்தவர், காய் எடுக்கிற தமிழ்ப் பெண்ணும் கிறிஸ்தவர். ஆனால் மொழி வேறு, வழிபாட்டு முறை வேறு, கோயில் வேறு. 1930இல் உருவான விஜயபுரம் லத்தீன் மறைமாவட்டம் மூணாறு வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நிழல் தந்தது. தென்னிந்தியத் திருச்சபையின் (சிஎஸ்ஐ) சபைகளில் தமிழ் ஆராதனை நடக்கிறது. ஆனாலும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கி வேலை பார்க்கிற குடும்பத்துக்கு உண்மையான சபை பக்கத்து அறைதான். ஒற்றைச் சுவருக்கு அந்தப்புறம் இருப்பது முருகன் படம் வைத்த வீடாக இருக்கும். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் போகும், தைக்கு அங்கிருந்து பொங்கல் வரும். படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்தியரில் பவுல் பட்ட பாட்டை இங்கே ஒவ்வொரு தாயும் படுகிறாள். சிலர் வாங்கி மாட்டுக்கு வைப்பார்கள். சிலர் ஜெபித்துச் சாப்பிடுவார்கள். வாங்கிக்கொண்டு மனம் நோகாமல் பேசியனுப்புகிறவள், அந்தச் சுவருக்கு அந்தப்புறம் எத்தனையோ கைப்பிரதிகள் செய்யாததைச் செய்துவிடுகிறாள்.

வீட்டு விசுவாசத்தைப் புகழ்கிற எழுத்துகள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்ளும். ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை வைத்து, மனைவி வாய்திறக்காமல் நடத்தையால் கணவனை ஆதாயப்படுத்த வேண்டும் என்று ஆலோசனை சொல்லப்படுகிறது. கூலியைக் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு இந்த ஆலோசனை சுமை. உபவாச ஜெபம் வைக்கலாம், வைக்கட்டும். கூடவே 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்ற ஒன்று இருப்பதையும் 181 என்ற எண்ணையும் சபை ஊழியர் சொல்லியாக வேண்டும். சொல்லாத ஊழியர் அந்த வீட்டுக்குச் சமாதானத்தைக் கொண்டுபோகவில்லை, மூடியைத்தான் கொண்டுபோகிறார். அதேபோல் மருமகளாக வந்த இந்துப் பெண்ணைப் பொட்டை அழிக்கச் சொல்லித் தினமும் குத்துவதும் சாட்சி ஆகாது. பைபிள் அம்மா யாரையும் அப்படிக் குத்தியிருந்தால் அடுத்த வாரம் அந்தக் கதவு திறந்திருக்காது.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். 1951இல் தன் ஊர்ப் பயணங்களை நாட்குறிப்பாக வெளியிட்டார். பின்னாளில், 1989இல் வந்த நூலில், சுவிசேஷத்துக்கு விளக்கவுரை எழுதுவது அதை வாழ்ந்துகாட்டுகிற ஒரு சபைதான் என்ற கருத்தை அழுத்திச் சொன்னார். நல்ல கருத்து. அதற்கான மூலப்பாடம் இந்த மாவட்டத்து வீடுகளில்தான் எழுதப்பட்டது. ஆனால் எழுதியவர்கள் பெயர் எங்கும் இல்லை. மதுரை மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் பெட்டி பெட்டியாக, ஈரம் படாமல் பத்திரமாக இருக்கின்றன. பைபிள் அம்மாக்கள் வைத்திருந்த வருகை நோட்டுகளும் பிடி அரிசிக் கணக்கும் உபதேசியார் மனைவிமார் எழுதிய பாட்டு நோட்டுகளும் பரணில் கரையான் அரித்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பும் ஞானஸ்நானமும் சாவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் எடுத்து வையுங்கள். அப்பத்தாவோ அம்மாச்சியோ உயிரோடு இருந்தால், யாரிடம் படித்தார்கள், யார் வீட்டில் முதலில் கை நனைத்தார்கள், யார் வீட்டில் நனைக்கவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்கிற பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். இந்தக் காய் எடுப்பு முடிவதற்குள் செய்தால் நல்லது.